அச்சின் கோடும் விமானத்தின் கோடும்

இரண்டு பாதி அச்சைச் சேர்த்துக் கட்டி வார்க்கிற எந்தப் பொருளிலும், சேர்ந்த இடத்தில் ஒரு கோடு விழும். பிள்ளையாராக இருந்தாலும் சரி, ஃபியூஸ் கேரியராக இருந்தாலும் சரி. விருத்தாசலத்தில் பீங்கான் வேலை பார்க்கிற யாருக்கும் இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஃபினிஷிங் மேசையில் உட்காருகிறவர்களுக்கு நாள் முழுக்க அந்தக் கோட்டை எடுப்பதுதான் வேலை. விரல் பட்டால் அழுந்தக்கூடாது, கத்தி பட்டால் உதிரக்கூடாது. அப்படிப் பாதி காய்ந்த பதத்தில் பொருளைக் கையில் எடுத்து, கத்தியைச் சாய்த்துப் பிடித்துச் சீவி, ஈரப் பஞ்சால் ஒரு துடை துடைத்துப் பலகையில் வைப்பார்கள். பார்க்கிறவருக்கு ஒரு நொடி வேலை. ஆனால் பொம்மையின் புடவை மடிப்பும் ஒரு கோடுதான். அச்சின் கோடு அந்த மடிப்பின்மேலேயே ஓடினால், எதைச் சீவுவது, எதை விடுவது என்று கத்திக்குத் தெரியாது, கைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எனக்குத் தொழில் பிளாஸ்டர் அச்சு செய்வது. ஓய்வு நேரமெல்லாம் பிளாஸ்டிக் விமான மாதிரிகளில் போகிறது. இரண்டும் ஒரே வேலை என்று எனக்குத் தோன்றி வெகுகாலமாகிறது. மாதிரி விமானம் செய்வதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெயின்டைப் பற்றியும் ஏர்பிரஷ்ஷைப் பற்றியும் நிறையச் சொல்வார்கள். நான் கோட்டைப் பற்றித்தான் சொல்ல விரும்புகிறேன். அதிலும் ஹாக்கர் ஹரிகேன் என்கிற ஒரு விமானத்தின் முதுகில் ஓடுகிற கோடுகளைப் பற்றி.

ஏன் ஹரிகேன்? நம் நாட்டில் இந்த விமானத்தைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் இந்திய விமானப்படையின் 1-ஆம் ஸ்குவாட்ரன் அடையாளத்தில் செய்வார்கள். 1944-இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் பறந்த படை அது. நியாயமான தேர்வுதான். நான் எடுத்துக்கொண்டது பிரிட்டிஷ் விமானப்படையின் 79-ஆம் ஸ்குவாட்ரனை. அதன் முழுப்பெயர் ‘79 (மதராஸ் பிரசிடென்சி) ஸ்குவாட்ரன்’. இரண்டாம் உலகப்போரில் மதராஸ் மாகாணத்திலிருந்து போர் நிதியாகத் திரண்டு போன பணத்துக்கு அடையாளமாக மூன்று படைப்பிரிவுகளுக்கு மாகாணத்தின் பெயரைச் சூட்டினார்கள். 79, 234, 264. இதில் 234 ஸ்பிட்ஃபயர் ஓட்டியது, 264 டிஃபையன்ட் என்கிற இரண்டு இருக்கை விமானத்தை ஓட்டியது. இரண்டும் பிரிட்டன் வானத்தோடு சேர்ந்த கதைகள். 79 மட்டும்தான் 1942-இல் இந்தியாவுக்கே வந்து சேர்ந்து, ஹரிகேன்களோடு அரக்கான் பக்கம் பர்மா முனையில் போரிட்டது. விருத்தாசலம் அன்று தென்னாற்காடு ஜில்லாவில் ஒரு தாலுகா. மாகாணத்தின் பெயர் என்றால் அதில் எங்கள் ஊரும் அடக்கம்.

போர் இந்தப் பக்கம் வராமலும் இல்லை. 1942 ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். 9-ஆம் தேதி திருகோணமலை. மதராஸ் நகரமே காலியானது அந்த மாதத்தில்தான். கொழும்பிலும் திருகோணமலையிலும் அன்று எதிர்த்து எழும்பியவற்றில் பெரும்பாலானவை ஹரிகேன்கள். கொழும்பில் குதிரைப் பந்தய மைதானத்தையே ஓடுதளமாக்கியிருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், உளுந்தூர்ப்பேட்டை அருகே, அந்தப் போர்க்காலத்தில் போட்ட ஓடுதளம் ஒன்று உண்டு. வறண்ட செம்மண் பூமி. அதைப் பார்த்த பிறகுதான் ஹரிகேனின் மூக்குக்குக் கீழே தாடை போலப் புடைத்திருக்கும் வோக்ஸ் ஃபில்டர் எதற்கு என்பது எனக்கு முழுசாகப் புரிந்தது. வெப்ப நாடுகளில் ஓடுகிற எஞ்சினுக்குள் புழுதி போகாமல் வடிகட்டுகிற பெட்டி அது. விமானத்தின் வேகத்தைக் குறைத்தது, அழகையும் கெடுத்தது என்று இங்கிலாந்துக்காரர்கள் எழுதுவார்கள். எனக்கு அது இல்லாத ஹரிகேன்தான் மொட்டையாகத் தெரிகிறது.

சிட்னி காம் வடிவமைத்த இந்த விமானம் முதலில் பறந்தது 1935 நவம்பர் 6-ஆம் தேதி. 14,000-க்கும் மேல் செய்தார்கள். அந்தக் காலத்திலேயே இது பாதி பழைய விமானம். முன்பக்கம் உலோகத் தகடு. விமானி உட்காருகிற இடத்துக்குப் பின்னால் எஃகுக் குழாய்ச் சட்டம், அதைச் சுற்றி மரச் சட்டங்கள், அவற்றின்மேல் நீளவாக்கில் மெல்லிய மரப் பட்டைகள், அதற்கும் மேலே இழுத்துக் கட்டிய லினன் துணி. துணிக்கு டோப் என்கிற கரைசலைப் பூசுவார்கள். காயக் காய அது துணியைச் சுருக்கி முரசுத் தோல் போல இறுக்கும். இறுகிய துணி பட்டைக்குப் பட்டை லேசாகத் தாழ்ந்து நிற்கும். ஆகவே ஹரிகேனின் பின்னுடலில் தலையிலிருந்து வால்வரை மெல்லிய மேடுகள் ஓடும். துப்பாக்கிக் குண்டு துணியைத் துளைத்துக்கொண்டு போய்விட்டால், துண்டுத் துணி ஒட்டி டோப் பூசி அன்றே மறுபடி பறக்க விடலாம். ஸ்பிட்ஃபயர் போன்ற தகட்டு விமானத்தை அவ்வளவு சுளுவாக ஒட்டுப்போட முடியாது. தில்லி பாலத்தில் இருக்கும் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு ஹரிகேன் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் மூக்கையும் இறக்கைகளையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிட வேண்டாம், பின்பக்கம் போய் அந்த மேடுகளை வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற கோணத்தில் பாருங்கள்.

மாதிரி செய்கிறவனுக்கு முழுச் சோதனையும் அந்த மேடுகளில்தான்.

பெட்டியில் வருவது சட்டத்தோடு ஒட்டிய துண்டுகள். விமான உடல் இடது, வலது என இரண்டு பாதி. எஃகு அச்சுக்குள் உருகிய பாலிஸ்டைரீனை அழுத்தத்தில் பீய்ச்சி எடுத்தவை. எங்கள் தொழிலில் களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவோம். பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும், அச்சின் சுவரை ஒட்டிக் கூழ் கெட்டிப்படும், வேண்டிய தடிமன் ஏறியதும் மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிடுவோம். முறை வேறு. சட்டம் ஒன்று: வார்த்த பொருள் அச்சிலிருந்து கழன்று வந்தாக வேண்டும். எந்த மேடோ பள்ளமோ அச்சு கழலும் திசைக்குக் குறுக்கே கொக்கி போட்டால் பொருள் உள்ளேயே சிக்கும். அதனால்தான் பொம்மையின் நீட்டிய கையைத் தனியாக வார்த்து ஒட்டுகிறோம். அதனால்தான் பிளாஸ்டிக் விமானத்தில் பீரங்கிக் குழல் தனித் துண்டாக வருகிறது.

இதை ஹரிகேனின் முதுகில் வைத்து யோசியுங்கள். உடலின் பாதி, அச்சிலிருந்து பக்கவாட்டில் கழல்கிறது. பக்கச் சுவரில் இருக்கும் மேடுகளுக்கு ஒரு தொல்லையும் இல்லை, தெளிவாக வார்ப்பில் வந்துவிடும். ஆனால் முதுகின் உச்சியிலும் வயிற்றின் அடியிலும் மேற்பரப்பு, கழலும் திசைக்கு இணையாகிவிடுகிறது. அங்கே மேடு வைத்தால் கொக்கி போடும். ஆகவே அச்சு செய்கிறவர் அந்த இடம் நெருங்க நெருங்க மேடுகளைத் தாழ்த்திக்கொண்டே போவார். வேறு வழி அவருக்குக் கிடையாது. விளைவு என்ன? மேடு எங்கே மிகவும் மெலிந்திருக்கிறதோ, சரியாக அங்கேதான் இரண்டு பாதியும் சேர்ந்த கோடு ஓடுகிறது. அதை எடுக்கப் போகிற வாட்டர் பேப்பர் முதலில் தின்பது மெலிந்த மேட்டைத்தான்.

கண்காட்சியில் அழகாகத் தெரிகிற பல ஹரிகேன்களின் முதுகு மொழுமொழுவென்று இருப்பதற்குக் காரணம் இதுதான். செய்தவர் அச்சின் கோட்டை எடுத்திருக்கிறார். கூடவே விமானத்தின் கோட்டையும் எடுத்துவிட்டார்.

நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். உடல் பாதிகளை ஒட்டுவதற்கு முன்பே, சேரும் விளிம்பைத் தட்டையான கண்ணாடிமேல் ஒட்டிய 600-ஆம் நம்பர் பேப்பரில் இரண்டு இழுப்பு. விளிம்பு சமமாகிறது. பிறகு திரவ சிமென்ட். இது ஃபெவிகால் போல இடையில் நின்று ஒட்டுகிற பசை இல்லை. பிளாஸ்டிக்கையே கரைக்கும். இரு விளிம்பும் கரைந்து ஒன்றோடொன்று கலந்து, கரைப்பான் ஆவியானதும் ஒரே பிளாஸ்டிக்காக நிற்கும். பொம்மைக்குக் கை ஒட்டும்போது இரு பக்கமும் கீறிவிட்டு அதே களிமண் கூழைத் தடவி ஒட்டுகிறோமே, அதே நியாயம். வேறு பொருளால் ஒட்டினால் சூளையில் பிளக்கும், தன் மண்ணாலேயே ஒட்டினால் நிற்கும். ஒட்டும்போது பாதிகளை மெதுவாக அழுத்தினால் கரைந்த பிளாஸ்டிக் கோட்டின்மேல் ஒரு மெல்லிய வரப்பாகப் பிதுங்கும். அந்தப் பிதுக்கத்தை அன்றே தொடக்கூடாது. எங்கள் வெயிலுக்கு ஒரே நாளில் இறுகிவிட்டது போலத் தோன்றும், உள்ளே இளகித்தான் இருக்கும். இளகியிருக்கும்போது தேய்த்தால் பிற்பாடு சுருங்கிக் கோடு மறுபடி பள்ளமாகத் தலைகாட்டும். ஒரு வாரமாவது ஆறப்போடுகிறேன்.

ஆறிய வரப்பைப் பேப்பரால் தேய்ப்பதில்லை. புதுப் பிளேடின் முனையைக் கிட்டத்தட்ட செங்குத்தாக நிறுத்திப் பின்பக்கமாக இழுத்துச் சுரண்டுகிறேன். பேப்பர் அகலமாகத் தின்னும், பிளேடு முனை கோட்டின்மேல் மட்டும் போகும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்த விமானப் புத்தகமும் இல்லை, ஃபினிஷிங் மேசை. கோடு மட்டும் போனால் போதும், பக்கத்தில் கை வைக்காதே தம்பி என்று அங்கே வேலை செய்கிற ஓர் அக்கா தன் பக்கத்தில் புதிதாக வந்து உட்காருகிற ஒவ்வொருவருக்கும் சொல்வார். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே வளர்ந்த கை இது.

பள்ளம் இருந்தால் பட்டி பார்க்க வேண்டும். லாரிக்குப் பட்டி பார்க்கிறவர்கள் வாங்குகிற அதே என்.சி. புட்டிதான், பெயின்ட் கடையில் டியூபாகக் கிடைக்கும். அதைத் தின்னரில் இளக்கி, பள்ளத்தில் இழுத்துவிட்டு, காது குடைகிற பஞ்சுக் குச்சியைத் தின்னரில் நனைத்து மேலே ஒருமுறை துடைத்தால், மேட்டில் இருப்பது போய்ப் பள்ளத்தில் இருப்பது தங்கும். தேய்க்கும் வேலையே இல்லை. ஈரப் பஞ்சுத் துடைப்பின் மறுபிறவி இது.

இவ்வளவு செய்தும் அழிந்துபோன மேட்டைத் திரும்பக் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது. துண்டுகள் ஒட்டியிருந்த சட்டத்தில் ஒரு முழம் வெட்டி, மெழுகுவத்திச் சுடருக்குச் சற்று மேலே சுழற்றிக் காட்டுங்கள். நடுப்பகுதி தளரத் தொடங்கியதும் சுடரிலிருந்து விலக்கி இரு கையாலும் இழுங்கள். மெதுவாக இழுத்தால் கம்பி, வேகமாக இழுத்தால் மயிரிழை. அந்த இழையை மேடு இருந்த இடத்தில் சிமென்டைத் தொட்டு ஒட்டி, காய்ந்ததும் பேப்பரின் தேய்ந்த முனையால் தடவினால் அது உடலோடு கலந்து மெலிந்த மேடாகிவிடும். ஒட்டிய இழை பக்கத்துச் சுவரில் வார்ப்பிலேயே வந்த மேட்டோடு ஒரே தாளத்தில் தாழ்ந்து உயர வேண்டும். அதற்கு நேரம் பார்க்கக்கூடாது.

உண்மை அளவைக் கணக்குப் பார்த்தால் இந்த மேடுகள் மாதிரியில் கண்ணுக்கே தெரியக்கூடாது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. 1:72 என்றால் ஆறடி ஆள் ஓர் அங்குலம். அந்த அளவு வந்ததே அப்படித்தான், ஓர் அங்குலத்துக்கு ஆறடி என்ற கணக்கில். 12.19 மீட்டர் இறக்கை 17 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். தகடுகளுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், மாதிரியில் அது 0.03 மில்லிமீட்டருக்கும் குறைவு. தலைமுடியைவிட மெல்லிசு. ஆகவே தகட்டுக் கோடுகளை வாய்க்கால் போல வெட்டி அதில் கறுப்பு மையை ஓடவிடுகிற இன்றைய வழக்கம் எனக்கு ஒப்பாது. விமானம் ஓட்டுத் தரை போலாகிவிடுகிறது. துணியின் மேடு விஷயம் வேறு. தூரத்திலிருந்து பார்த்தாலும் மேட்டைக் காட்டுவது அதன் உயரம் அல்ல, அதன்மேல் விழுகிற வெளிச்சம். உண்மை விமானத்தில் முப்பது அடி தள்ளி நின்றாலும் அந்த வரிகள் தெரியும். மாதிரியிலும் தெரிய வேண்டும். அதற்காகக் கொஞ்சம் கூட்டி வைத்த வார்ப்பை நான் குறை சொல்லமாட்டேன். கொலு பொம்மையின் கண்ணும் அளவுக்கு மீறித்தான் பெரிசு, மூன்றாம் படியிலிருந்து நம்மைப் பார்க்க வேண்டும் அல்லவா!

அச்சைப் பற்றி இன்னும் ஒன்று. ஏர்ஃபிக்ஸ் என்கிற பெயர் இல்லாமல் இந்தக் கலையைப் பற்றிப் பேச முடியாது. ஹங்கேரியிலிருந்து வந்த நிக்கலஸ் கோவ் 1939-இல் இங்கிலாந்தில் தொடங்கிய கம்பெனி. அவர்களுடைய முதல் விமானம் 1953-இல் வந்த ஸ்பிட்ஃபயர். உல்வொர்த் கடைகளில் பையில் போட்டு விற்றார்கள். அது அமெரிக்காவின் அரோரா கம்பெனி செய்த ஸ்பிட்ஃபயரைப் பார்த்துச் செய்த நகல், மூலத்தில் இருந்த பிழைகளோடு. எங்கள் ஊர்க்காரருக்கு இது புதிதாகத் தோன்றாது. நன்றாக விற்கிற பொம்மையின்மேல் பிளாஸ்டரை ஊற்றி அச்செடுப்பது பொம்மைத் தொழிலில் பழகிய சங்கதி. ஆனால் களிமண் அந்தத் திருட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். காய்ந்து, சூளையில் வெந்து வெளியே வருவதற்குள் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சுருங்குகிறது. வெந்த பொம்மையிலிருந்து அச்செடுத்தால் நகல் மூலத்தைவிடச் சிறியது. நகலின் நகல் அதைவிடச் சிறியது. மூக்கு மழுங்கி, விரல்கள் ஒன்றாகி, முகம் யாரோ ஆகிவிடும். பாலிஸ்டைரீன் நூற்றில் அரைப் பங்குதான் சுருங்கும். எனவே பிளாஸ்டிக் நகல் அளவில் மாட்டிக்கொள்வதில்லை, கோட்டில் மாட்டிக்கொள்ளும். மூலத்தில் மழுங்கிய கோடு நகலில் காணாமலே போய்விடும்.

அந்த ஏர்ஃபிக்ஸ் பலமுறை கைமாறி, 2006-இல் ஹார்ன்பி கம்பெனியிடம் வந்தது. அதற்குப் பிறகு வந்த புது அச்சுகளில் பல இந்தியாவில் வார்க்கப்பட்டன. ‘மேட் இன் இந்தியா’ என்று அச்சிட்ட பெட்டிகள் லண்டனில் விற்று, சுங்கவரி கட்டி நமக்கே திரும்பி வந்தன. பிளாஸ்டிக் சற்று மெத்து, விவரம் மென்மை என்று வெளிநாட்டுக்காரர்கள் முணுமுணுத்ததுண்டு. எனக்கு அந்த மெத்துப் பிளாஸ்டிக் பிடிக்கும். பிளேடுக்கு நன்றாக இணங்கும், உடைந்து தெறிக்காது. கோடுகளின் கூர்மை வேண்டும் என்றால் போலந்தின் ஆர்மா ஹாபி வார்த்த ஹரிகேன்களைச் சொல்வேன். துணி தொய்வதை அவ்வளவு நிதானமாக எஃகில் வெட்டிய அச்சை நான் வேறெங்கும் கண்டதில்லை. அதை வெட்டியவரை நான் சக தொழிலாளியாகவே நினைக்கிறேன்.

விமானியின் கூண்டை மறைப்பது, சக்கரம் வைப்பது, புரொப்பெல்லர் எல்லாம் பொறுமை இருந்தால் யாருக்கும் வரும். கூண்டின் சட்டங்கள் நிறைய, மாஸ்கிங் டேப்பை மெல்லிய கீற்றுகளாக வெட்டி ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். பீரங்கிகளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 79-ஆம் ஸ்குவாட்ரன் பர்மாவில் ஓட்டியது 2-சி வகை. இறக்கைக்கு இரண்டாக நான்கு 20 மில்லிமீட்டர் ஹிஸ்பானோ. குழல்களின் அடியில் சுருள் கம்பி சுற்றியிருக்கும். வார்ப்பில் அது வரிவரியாக மட்டுமே வரும். செம்புக் கம்பியை ஊசியின்மேல் சுற்றி எடுத்து மாட்டினால்தான் அது பீரங்கி.

நிறத்துக்கு வருவோம். மேலே டார்க் கிரீனும் டார்க் எர்த்தும், அடியில் மீடியம் சீ கிரே. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நான் மேட் வார்னிஷ் அடிப்பதில்லை. காற்றில் ஈரம் மிகுந்தால் கரைப்பான் ஆவியாகிற குளிர்ச்சியில் நீராவி படிந்து வார்னிஷ் வெளுத்துவிடும். பங்குனியில் எதிர்த் தொல்லை: ஏர்பிரஷ்ஷிலிருந்து கிளம்பிய பெயின்ட் விமானத்தில் போய் உட்காருவதற்குள் காற்றிலேயே காய்ந்து, மேற்பரப்பு ரவை தூவியது போலாகிறது. காய்வதைத் தாமதிக்கிற ரிட்டார்டர் சில சொட்டு கலந்து விடியற்காலையில் அடிக்க வேண்டும். தை, மாசி மாதங்கள்தான் எங்கள் ஊரில் விமானத்துக்கு நிறம் பூச ஏற்ற காலம்.

எந்தப் பெயின்ட் டப்பாவிலும் இல்லாத நிறம் வெயில் தந்தது. அரக்கான் முனையில் திறந்த வெளியில் நின்ற விமானங்களின் பச்சை சாம்பலாகவும், மண்நிறம் வெளிறிய பழுப்பாகவும் போயிருந்தன. துணிப் பகுதி ஒரு விதமாகவும் தகட்டுப் பகுதி வேறு விதமாகவும் வெளுக்கும், ஏனென்றால் அடியில் இருக்கும் பொருள் வேறு. ஆகவே ஒரே பச்சையை உடல் முழுக்கப் பூசிவிட்டு, பின்னுடலின் மேடுகளுக்கு நடுவில் சற்று வெளிர்ந்த கலவையை நீர்க்க அடிப்பேன். மேட்டின் உச்சியை வெளிறச் செய்கிறவர்களும் உண்டு. தொய்ந்த துணியில் வெளிச்சம் எப்படி நிற்கிறது என்று காயப்போட்ட வேட்டியைப் பார்த்துத் தீர்மானித்தேன்.

வட்டச் சின்னத்தில்தான் இந்த முனையின் முழுக் கதையும் இருக்கிறது. பிரிட்டிஷ் விமானத்தின் வழக்கமான வட்டத்தில் நடுவில் சிவப்புப் பொட்டு. ஜப்பானிய விமானத்தின் சின்னமும் சிவப்பு வட்டம். வேகமாகக் கடக்கிற விமானத்தில் நடுச் சிவப்பு மட்டுமே கண்ணில் பட்டால் சொந்தப் படையே சுட்டுவிடும். எனவே கிழக்கில் சிவப்பை எடுத்தார்கள். வெளியே கருநீலம், உள்ளே வெள்ளையில் சிறிது நீலம் கலந்த வெளிர் நிறம். குறுக்களவையும் சுருக்கிவிட்டார்கள். 16 அங்குல வட்டம் மாதிரியில் ஐந்தரை மில்லிமீட்டர்தான், ஒரு துவரம்பருப்பு அளவு. இந்த டிகாலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து நகர்த்தி ஒட்டுகிறோம். பீங்கான் கோப்பைகளுக்குப் பூப்போடுகிற டிகாலும் இதே குடும்பம்தான், நாங்கள் அதைச் சூளையில் வேகவைத்து நிரந்தரமாக்குகிறோம், இங்கே வார்னிஷ்தான் காவல். அடியில் பளபளப்புப் பூச்சு இல்லாமல் டிகால் ஒட்டினால் சொரசொரப்பில் காற்று சிக்கி வெள்ளித் திட்டாகத் தெரியும். மேடுள்ள துணிப் பகுதியில், ஸ்குவாட்ரனின் ‘என்.வி.’ எழுத்துகள் விழுகிற இடத்தில், டிகாலை இளக்குகிற திரவத்தை இரண்டு மூன்று முறை தடவி மேடுகளோடு ஒன்றிப் படியவைக்க வேண்டும். எழுத்து மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கினால்தான் அது துணியில் எழுதிய எழுத்து.

மதராஸ் பிரசிடென்சி என்ற சொல்லை நான் விமானத்தில் எழுதவில்லை. அது படைப்பிரிவின் பெயர், அதை உடலில் எழுதி வைப்பது கட்டாயமாக இருக்கவில்லை. ஆனால் செய்யும்போதெல்லாம் அந்தப் பெயர் மனசில் ஓடிக்கொண்டிருக்கும். ஏனென்றால் 1944-இல் பர்மா முனையில் இந்திய தேசிய ராணுவத்தில் நின்றவர்களில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஏராளம். ஜான்சி ராணி படையில் தமிழ்ப் பெண்கள் இருந்தார்கள். மதராஸ் மாகாணத்துப் பணத்தின் பெயரைத் தாங்கிய விமானங்கள் வானத்தில், மதராஸ் மாகாணத்திலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள் கீழே எதிரணியில். ஹரிகேன் அப்போது விமானத்தோடு விமானம் மோதுகிற காலத்தைத் தாண்டி, தரையில் இருப்பவர்களைத் தாக்குகிற வேலைக்கு வந்திருந்தது. இதைத் தெரிந்துகொண்டேதான் அந்த நான்கு பீரங்கிகளைப் பொருத்துகிறேன். பெருமை என்றோ பழி என்றோ ஒரே சொல்லில் அடக்க எனக்கு விருப்பமில்லை. விமானத்தைச் சரியாகச் செய்து வைத்தால், அது யாருடையது, எங்கே பறந்தது, அதன் கீழே யார் இருந்தார்கள் என்று பார்க்கிறவர் கேட்பார். கேட்டவர்களுக்கு நான் இரண்டு பக்கமும் சொல்கிறேன். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் இரண்டாம் பக்கத்தை முதலில் சொல்கிறேன்.

போர்க்காலத்தில் இந்த அளவு மாதிரிகளுக்கே ஒரு வேலை இருந்தது. 1942-இல் அமெரிக்கக் கடற்படை, பள்ளி மாணவர்களைக் கொண்டு 1:72 அளவில் லட்சக்கணக்கான மர விமானங்களைச் செய்யச் சொன்னது. கறுப்பு நிறம் பூசி, உருவத்தை மட்டும் வைத்து நண்பனையும் எதிரியையும் அடையாளம் காணப் படைவீரர்களைப் பழக்கினார்கள். நிறமில்லாத, சின்னமில்லாத வெறும் உருவம் போதுமாக இருந்தது. அப்படியென்றால், உருவத்தின் கோடு பிசகினால் ஆள் சாகலாம் என்கிற வேலை அது. பெயின்டை நம்பி வடிவத்தில் அசட்டையாக இருப்பவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. பிரைமர் அடித்து முடித்ததும், நிறம் போடுவதற்கு முன், சாம்பல் நிற விமானத்தை ஜன்னலோரம் வைத்து எல்லாப் பக்கமும் பார்த்துவிடுங்கள். சூளைக்குப் போகும் முன் பச்சைப் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போமே, அந்த நேரம் இது. வெந்த பிறகு கோடு தெரிந்து பயனில்லை.

79-ஆம் ஸ்குவாட்ரன் 1944 நடுவில் ஹரிகேன்களை விட்டு அமெரிக்கத் தண்டர்போல்ட்டுக்கு மாறியது. போர் முடிந்து 1945 டிசம்பரில் பர்மாவிலேயே கலைக்கப்பட்டது. அந்தத் தண்டர்போல்ட்தான் என் மேசையில் அடுத்தது. முழுக்க உலோகத் தோல், துணி மேடு ஒன்றுகூடக் கிடையாது, முதுகுக் கோட்டைத் தாராளமாகப் பேப்பர் போட்டே எடுத்துவிடலாம். அதில் சிரமம் வேறு இடத்தில்: ஜப்பானிய விமானங்களோடு குழம்பாமல் இருக்க மூக்கிலும் இறக்கையிலும் வாலிலும் அடித்த வெள்ளைப் பட்டைகள். அடர்ந்த நிறத்தின்மேல் வெள்ளை சுலபத்தில் மூடாது, தடிமனாக அடித்தால் பட்டையின் ஓரத்தில் வரப்பு நிற்கும். ஆகவே முதலில் பட்டை வரும் இடங்களில் வெள்ளையை மெல்லிசாக மூன்று நான்கு தடவை அடித்து, காய்ந்ததும் டேப்பால் மூடிவிட்டு, பச்சையையும் மண்நிறத்தையும் அதற்கு மேலே பூசலாம் என்றிருக்கிறேன். பொங்கல் கழியட்டும், காற்று உலர்ந்ததும் தொடங்கிவிடுவேன்.